துணையும் நம்பிக்கையும்: மதுரை வட்டாரத்தில் புற்றுநோயாளர் பராமரிப்பின் வரலாறு

கொடிய நோயொன்றை ஒருவர் தாங்கி நிற்பதற்கும் தளர்ந்து போவதற்கும் அவருடைய மனத்திடமே காரணம் என்று கூறும் வழக்கம் இன்று பரவலாகிவிட்டது. மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலும் நோயுற்றோரைப் பேணும் முறை கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் மாறிவந்த விதத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால், இந்தக் கூற்று பாதி உண்மையே என்பது புலப்படும். நோயாளியின் நம்பிக்கை அவர் நெஞ்சுக்குள் தானாக ஊறுவது மிகக் குறைவு. கட்டிலருகே இரவு விழித்திருப்பவர், வழிச்செலவுக்குப் பணம் புரட்டித் தருபவர், மருத்துவர் சொன்னதைப் புரியும்படி எடுத்துச் சொல்பவர் எனப் பலர் கூடி உண்டாக்கித் தரும் ஒன்றாகவே அது பெரும்பாலும் இருந்துவந்திருக்கிறது.

இதைப் பற்றிப் பேசும்போது மூன்று கலைச்சொற்கள் திரும்பத் திரும்ப வரும். 'வாழ்க்கைத் தரம்' என்பது வலி, உறக்கம், பசி, அன்றாட வேலையைச் செய்யும் திறன், மனநிலை, உறவுகள், பணக்கவலை ஆகியவற்றைச் சேர்த்து நோயாளியே தன் நிலையை மதிப்பிடுவதைக் குறிக்கும். 'நன்னம்பிக்கை' என்பது இனி வருவது பெரும்பாலும் நல்லதாகவே அமையும் என்ற பொதுவான எதிர்பார்ப்பு. ஒரு குறிப்பிட்ட மருந்து பலிக்கும் என்ற நம்பிக்கையிலிருந்து இது வேறானது. 'சமூக ஆதரவு' என்பது ஆறுதல், கைவேலை உதவி, பொருளுதவி, தகவல் ஆகிய நான்கையும் உள்ளடக்கியது. இச்சொற்கள் உளவியலிலும் மருத்துவத்திலும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்றவை என்றாலும், இவை குறிக்கும் நடைமுறைகள் மிகப் பழையவை.

வீடும் கோயிலும்

மருத்துவமனைகள் பெருகுவதற்கு முன் நோயாளியின் இடம் வீடாகவே இருந்தது. சித்த வைத்தியரோ நாட்டு வைத்தியரோ வீட்டுக்கு வந்து நாடி பார்ப்பார். மருந்தை அரைப்பதும், பத்தியம் காப்பதும், புண்ணைக் கழுவுவதும், கழிவை அகற்றுவதும் வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தன. இந்த உழைப்புக்குக் கூலி கிடையாது. ஆகையால் அது பதிவாகவும் இல்லை. இதற்கு மாறான பழைய சான்று ஒன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் கிடைத்திருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த, 11-ஆம் நூற்றாண்டின் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து இயங்கிய 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைக் குறிப்பிடுகிறது. அங்கிருந்த மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர் ஆகியோரோடு, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்களுக்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. நோயாளிக்குத் துணையிருத்தலைச் சம்பளத்துக்குரிய பணியாக மதித்த இந்த ஏற்பாடு பொது வழக்கமாகப் பரவவில்லை.

மதுரை வட்டாரத்தில் நன்னம்பிக்கைக்கு உருவம் கொடுத்தது நேர்த்திக்கடன் ஆகும். நோய் கண்டவருக்காக வீட்டாரில் ஒருவர் மாரியம்மனுக்கோ அய்யனாருக்கோ வேண்டிக்கொள்வதும், குணமானபின் நோய் கண்ட உறுப்பின் வடிவத்தைக் காணிக்கையாகச் செலுத்துவதும் இவ்வட்டாரக் கோயில்களில் இன்றும் காணக்கூடிய வழக்கம். வேளார் மரபினர் சுட்ட மண்ணில் கை, கால், தலை, முழு உருவம் எனச் செய்து தரும் இவ்வுருவாரங்கள் ஊர் எல்லைக் கோயில்களில் மழையில் கரைந்தும் வெயிலில் வெடித்தும் குவிந்து கிடக்கும்; கண்நோய்க்கு வெள்ளித் தகட்டில் கண்மலர் சாத்துவார்கள். இந்த வழக்கத்தில் கவனிக்கத்தக்க கூறு, வேண்டுபவர் பெரும்பாலும் நோயாளியாக இராமல் அவருடைய தாயாகவோ மனைவியாகவோ இருப்பதே. நோயாளி தெம்பிழந்து கிடக்கும் வேளையிலும் அவருக்காக வேறொருவர் நம்பிக்கையைச் சுமக்க முடியும் என்பதை இம்மரபு இயல்பாகவே ஏற்றிருந்தது. திருப்பரங்குன்றத்திலும் பழனியிலும் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி மொட்டை போடும் வழக்கம் இருப்பதால், புற்றுநோய் மருந்தினால் முடி உதிர்ந்த தலையும் இவ்வூர்த் தெருக்களில் உடனடியாக உற்றுப் பார்க்கப்படும் காட்சியாக இராது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆஸ்பத்திரிக்குள் வந்த குடும்பம்

ஐரோப்பிய முறை மருத்துவம் மதுரைச் சமவெளியில் வேர்விட்டதில் அமெரிக்க மதுரை மிஷனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க ஊழியர்களால் தொடங்கப்பட்ட இம்மிஷன், பள்ளிகளோடு மருந்தகங்களையும் நடத்தியது. திண்டுக்கல்லில் எட்வர்ட் செஸ்டர் நெடுங்காலம் மருத்துவப் பணி செய்தார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண் மருத்துவர்கள் வந்து பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை அமைந்தது. ஃபிராங்க் வான் ஆலன் என்ற மருத்துவர் 1897-இல் திறந்த மருத்துவமனைக்கான நிதியில் பெரும்பகுதி உள்ளூர் இந்துச் செல்வர்களிடமிருந்தே திரண்டது என்பது, சமய வேறுபாட்டைத் தாண்டி நோயாளிக்கு உதவுவதை அறமாகக் கருதிய நகரத்தாரின் மனப்போக்கைக் காட்டுகிறது.

வீட்டில் இருந்த நோயாளி மருத்துவமனைக்கு வந்தபோது அவருடைய குடும்பமும் கூடவே வந்தது. மேலைநாட்டு மருத்துவமனையில் செவிலியர் செய்த வேலைகளில் பெரும்பகுதியை இங்கே உறவினரே செய்தனர். பயிற்சி பெற்ற செவிலியர் மிகக் குறைவாக இருந்தது இதற்கு ஒரு காரணம்; சாதிக் கட்டுப்பாட்டினால் பிறர் சமைத்ததை உண்ணப் பலர் மறுத்ததும், ஆகவே நோயாளியின் வீட்டாரே மருத்துவமனை வளாகத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்க இடம்தர வேண்டியிருந்ததும் மற்றொரு காரணம். இவ்வாறு ஒரு சமூகக் கட்டுப்பாட்டின் விளைவாக உள்ளே வந்த குடும்பம், அக்கட்டுப்பாடு தளர்ந்த பின்னும் வெளியேறவில்லை.

1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரைத் தாங்கி நின்ற அரசு மருத்துவமனை, 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் அதன் போதனா மருத்துவமனையாக வளர்ந்து, பின்னர் அரசு இராசாசி மருத்துவமனை என்று பெயர் மாற்றம் பெற்றது. மதுரை மட்டுமன்றித் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய இன்றைய மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் இம்மருத்துவமனையை ஊர்மக்கள் 'பெரியாஸ்பத்திரி' என்றே குறிப்பிடுவர். இங்கே படுக்கையில் சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும் 'கூட இருப்பவர்' ஒருவர் வேண்டும் என்பது எழுதா விதி. மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதும், ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதும், பரிசோதனைக்கூடத்தில் வரிசையில் நின்று ரிப்போர்ட் வாங்குவதும், இரவில் கட்டிலுக்கடியில் பாயை விரித்துப் படுத்து, குளுக்கோஸ் பாட்டில் தீர்வதைப் பார்த்துச் செவிலியரை அழைப்பதும் அவருடைய பொறுப்பு. பகலில் நலம் விசாரிக்க வருவோர் ஹார்லிக்ஸ், பிரெட், சாத்துக்குடி ஆகியவற்றோடு வந்து, புறப்படும்போது தலையணைக்கடியில் பணத்தை வைத்துச் செல்வது வழக்கம். விழாக்களில் 'செய்முறை' என்ற பெயரில் உறவினர்க்கிடையே கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்துவரும் இவ்வட்டாரத்தில், நோய்க்காலத்துப் பணமும் அதே ஒழுங்கின் ஒரு பகுதியாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

இந்த ஏற்பாட்டின் வலிமையும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. உறவு வட்டம் பெரிதாக உள்ளவருக்கு ஆள் மாற்றி ஆள் வருவர். உறவற்றவர், கணவரால் கைவிடப்பட்டவர், பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியவர் ஆகியோருக்கு அந்த எழுதா விதியே தடையாகிவிடும். கூட இருப்பவர் தினக்கூலி பெறுபவராக இருந்தால், நோயாளி படுத்த நாளிலிருந்து குடும்பம் இரண்டு பேரின் வருமானத்தை இழக்கிறது. சில நாட்களில் முடியும் காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ இந்த இழப்பு தாங்கக்கூடியதாக இருந்தது. மாதக்கணக்கில் நீளும் நோய்க்கு அவ்வாறு இருக்கவில்லை.

புற்றுநோயும் நெடும்பயணமும்

தென்தமிழகத்தில் புற்றுநோய் தனிக் கவனம் பெற்றதற்கு வாய்ப்புற்றே முதற்காரணம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லும் பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை, அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் ஐயன் ஓர் 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை எடுத்துரைத்தது. மதுரைச் சமவெளி அதே பழக்கம் ஊறிய நிலம். வயல்வேலைக்குச் செல்லும் பெண்களின் மடியில் வெற்றிலைப் பை இல்லாத நாள் அரிது. சுருட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லோ புகையிலை வணிகத்தின் மையமாக இருந்தது. ஆயினும் நோயைக் கண்டறியவும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறவும் வசதியுள்ள இடங்கள் நெடுந்தொலைவில் இருந்தன.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எடுத்த முயற்சியின் பயனாக, இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை உருவாயிற்று. 1952-இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அது 12 படுக்கைகளோடு தொடங்கியது; மறு ஆண்டு மருத்துவர் வி. சாந்தா அதில் சேர்ந்து தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார். அரசு நிதியைவிடப் பொதுமக்கள் நன்கொடையை நம்பியே பிறந்த நிறுவனம் என்பதால், பணமில்லாதவருக்கும் சிகிச்சை என்பது அதன் அடிப்படைக் கொள்கையாயிற்று. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் முதலமைச்சர் அண்ணா புற்றுநோயால் காலமானபோது, அந்நோயின் பெயர் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சிற்றூருக்கும் எட்டியது. அமெரிக்காவுக்குச் சென்று அறுவை செய்துகொண்டவரையே அது கொண்டுபோய்விட்டதென்ற எண்ணம், இந்நோய்க்கு மருந்தில்லை என்ற அச்சத்தையும் கூடவே ஆழமாக ஊன்றியது.

மதுரையிலிருந்து அடையாறு ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவு. 1969-இல் ஓடத் தொடங்கிய பாண்டியன் எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயில்கள் இப்பயணத்தைச் சாத்தியமாக்கின. 'கரண்ட் வைத்தல்' என்று மக்கள் குறிப்பிடும் கதிர்வீச்சுச் சிகிச்சை, வாரத்தில் ஐந்து நாள் என்ற கணக்கில் ஐந்தாறு வாரங்கள் நீள்வது; ஆகையால் சென்னையில் நோயாளியும் துணைவரும் தங்குவதற்கு இடம், சமைக்கப் பாத்திரம், ஊரில் விட்டுவந்த பிள்ளைகளையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள ஆள் ஆகிய அனைத்தும் ஏற்பாடாக வேண்டும். பாதிச் சிகிச்சையில் ஊர் திரும்பியோரில் பலரைத் திருப்பியது மனத்தளர்ச்சி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் கையிலிருந்த பணம் தீர்ந்ததும், கூட வந்தவர் அறுவடைக்குத் திரும்ப வேண்டியிருந்ததும் அத்தளர்ச்சிக்கு முன்பே நிகழ்ந்துவிடும். புற்றுநோயாளிக்கு மட்டுமன்றி அவருடன் செல்லும் ஒருவருக்கும் இந்திய ரயில்வே கட்டணச் சலுகை வழங்கிவருவது, துணை என்பது சிகிச்சையின் உறுப்பு என்பதை அரசு நிறுவனம் ஒன்று ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகும். பின்னாளில் மதுரையிலேயே, இராசாசி மருத்துவமனையைச் சார்ந்து பாலரெங்காபுரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு அமைந்தபோது, தென்மாவட்ட நோயாளி தன் உறவு வட்டத்தை விட்டுப் பிரியாமல் சிகிச்சை பெறும் வாய்ப்பு உண்டானது. கருவியைப் போலவே தொலைவு குறைந்ததும் அதன் பயன்களுள் ஒன்று.

வீட்டிலிருந்தே நெடுநாள் சிகிச்சை பெறலாம் என்ற கருத்துக்குக் காசநோய் முன்னரே வழிகாட்டியிருந்தது. சென்னையில் 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், சானடோரியத்தில் படுத்திருப்போரையும் நெருக்கமான குடிசைகளில் வீட்டாரோடு இருந்தே மருந்து உண்போரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியிட்டது. மதுரைக்கு வெளியே தோப்பூரில் அமைந்ததைப் போன்ற சானடோரியங்களின் தேவையை உலகெங்கும் மறு ஆய்வுக்கு உட்படுத்திய இந்த முடிவு, மருந்து தவறாமல் கிடைக்கும்போது வீடே போதுமான மருத்துவமனையாகும் என்பதை நிறுவியது. மருந்து தவறாமல் கிடைக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் இம்முடிவும் நில்லாது.

திண்டுக்கல் கிராமங்களில்

1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த திண்டுக்கல், 2000-ஆம் ஆண்டை ஒட்டி உலகப் புற்றுநோய் வரலாற்றில் இடம்பெற்றது. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஆகியவை பங்கேற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய எளிய முறையொன்று பயன்படுமா என்று இம்மாவட்டத்தில் சோதித்தன. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள அமிலத்தை, கர்ப்பப்பை வாயில் தடவிச் சற்று நேரம் பொறுத்து வெறுங்கண்ணால் பார்ப்பதே அம்முறை. நோய்க்கு முந்தைய மாற்றமுள்ள பகுதி வெண்மையாகத் தெரியும். தெரிந்தால் அப்பகுதியைக் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சையையும் அங்கேயே பெறலாம்.

30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்த்தொகுதிகளையும் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற தொகுதிகளையும் ஒப்பிட்ட இவ்வாய்வு 2007-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தனர். அத்தொகுதிகளில் இந்நோய் புதிதாகத் தோன்றுவது 25 விழுக்காடும், இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. காட்டு வேலைக்குச் செல்லும் பெண், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத நிலையில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கூச்சம் தரும் பரிசோதனைக்கு வருவது தனிமனித முடிவாக நிகழ்வதில்லை. வீடு தேடி வந்து விளக்கிய பணியாளர், பரிசோதிப்பவரும் பெண்ணே என்ற தெளிவு, முன்னர் சென்றுவந்த அண்டை வீட்டாரின் சொல், மாமியாரோ கணவரோ தடுக்காமை ஆகியவை ஒன்றுசேர வேண்டும். மேலே சொன்ன சமூக ஆதரவின் வகைகளில் 'தகவல்' என்பது எத்தகைய ஆற்றல் உடையது என்பதற்கு இவ்வட்டாரம் தந்த சான்று இது.

அளக்கப்பட்ட நம்பிக்கை

நன்னம்பிக்கையை அளக்கும் வினாப்பட்டியலை அமெரிக்க உளவியலாளர்கள் மைக்கேல் ஷையரும் சார்லஸ் கார்வரும் 1985-இல் வெளியிட்டனர். கார்வரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல், தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 59 பெண்களை ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, நன்னம்பிக்கை மிகுந்தவர்களுக்கு மனத்துயர் குறைவாக இருந்ததை எடுத்துக்காட்டினர். அத்துயரைக் குறைத்த வழியையும் அவர்கள் ஆராய்ந்தனர். நடந்ததை ஏற்றுக்கொண்டவர்களும் அதைப் பற்றிச் சிரித்துப் பேசக்கூடியவர்களும் தேறினர். நடக்கவே இல்லை என்று மறுத்தவர்களுக்கும் முயற்சியைக் கைவிட்டவர்களுக்கும் துயர் மிகுந்தது. நன்னம்பிக்கை உண்மையை ஏற்பதன்மேல் நிற்பது என்ற இந்த முடிவு, மதுரைக் குடும்பங்களின் வழக்கமொன்றோடு நேருக்கு நேர் மோதுகிறது. அது பற்றிப் பின்னர்க் காணலாம்.

நம்பிக்கையும் துணையும் ஆயுளை நீட்டுமா என்ற கேள்விக்குக் கிடைத்த விடை வேறு. டேவிட் ஸ்பீகல் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய மார்பகப் புற்றுநோயுடைய 86 பெண்களில், வாரந்தோறும் கூடிப் பேசிய குழுவினர் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்ததாகத் தெரியவந்து, உலகெங்கும் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்து 2001-இல் வெளிவந்த ஆய்வோ, ஆயுளில் வேறுபாடு எதையும் காணவில்லை. ஆனால் குழுவில் இருந்தோருக்கு மனத்துயரும் வலியுணர்வும் குறைந்திருந்தன. தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 1,093 பேரின் தரவுகளை ஆராய்ந்த 2007-ஆம் ஆண்டு ஆய்வும், மனநலத்துக்கும் உயிர் பிழைத்தலுக்கும் தொடர்பில்லை என்றே முடித்தது. ஆகவே, நன்னம்பிக்கையும் துணையும் தருவது நல்ல நாட்கள். நாட்களின் எண்ணிக்கைக்கு அவை உறுதி கூறா. இந்த வேறுபாடு தெளிவாக இல்லாவிட்டால், நோய் முற்றிய ஒருவர் போதிய அளவு நம்பாததாலேயே தோற்றார் என்ற பழி அவர்மேலும் அவர் வீட்டார்மேலும் விழும்.

மேலைநாட்டில் உருவான வினாப்பட்டியல்கள் தமிழ்நாட்டு நோயாளியின் வாழ்க்கையை முழுமையாகப் பிடிப்பதில்லை என்பதை உணர்ந்து, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் உளவியல் பிரிவினர் இந்தியச் சூழலுக்கேற்ற வாழ்க்கைத் தர வினாப்பட்டியலை வகுத்து 2005-இல் அதன் நம்பகத்தன்மையை நிறுவினர். மகளின் திருமணம் தள்ளிப்போகுமோ, கடனுக்கு வைத்த நகை மூழ்கிவிடுமோ என்ற கவலைகளும் இங்கே ஒரு புற்றுநோயாளியின் வாழ்க்கைத் தரத்தைத் தீர்மானிப்பவை.

மறைத்தலும் அதன் விலையும்

மதுரை வட்டாரத்தில் குடும்பம் தரும் ஆதரவின் மிகப் பெரிய குறை, நோயின் பெயரை நோயாளியிடமிருந்து மறைப்பதாகும். மருத்துவரைத் தனியே சந்தித்து, 'அவருக்குச் சொல்லிவிட வேண்டாம், தாங்கமாட்டார்' என்று கேட்டுக்கொள்வது பாசத்தினால் பிறந்த செயலே. ஊராருக்கும் அது 'கட்டி' என்றோ 'ஆறாத புண்' என்றோ சொல்லப்படும். இந்நோய் தொற்றும் என்ற தவறான அச்சமும், வீட்டுப் பெண்களுக்கு வரன் அமையாது என்ற கவலையும் இந்த மறைப்பை நியாயப்படுத்துகின்றன. பாலரெங்காபுரத்துக்குப் போய்வரும் நோயாளி தன் நோயை அறியாமலிருப்பது அரிது. கூடத்தில் காத்திருப்போரைப் பார்த்தே அவர் தெரிந்துகொள்கிறார். தெரிந்தும் தெரியாதவரைப் போல நடிக்க வேண்டியவராகிறார். வீட்டாரும் அவ்வாறே நடிக்கின்றனர். சுற்றிலும் ஆட்கள் நிறைந்திருக்க, தன் அச்சத்தைச் சொல்ல ஒருவர்கூட இல்லாத நிலை உருவாகிறது. கைவேலை உதவியும் பொருளுதவியும் குறைவின்றிக் கிடைத்தும், ஆறுதல் மட்டும் கிடைக்காத இந்த நிலையில், மேற்சொன்ன 1993-ஆம் ஆண்டு ஆய்வு பேசும் ஏற்றலுக்கு இடமில்லாமல் போகிறது.

பராமரிக்கும் பெண்ணின் நிலை இதைவிடக் கவனிக்கப்படாதது. கணவருக்கு நோய் வந்தால் மனைவி கூட இருப்பார். மனைவிக்கு வந்தால் தாயோ, தங்கையோ, பள்ளியை நிறுத்திய மகளோ கூட இருப்பார். நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் ஒவ்வோர் ஏற்பாடும் இன்னொரு பெண்ணின் வாழ்க்கைத் தரத்திலிருந்து கழிக்கப்படுவதாகவே நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது.

சங்கமும் அரசும்

உறவு வட்டத்துக்கு வெளியே ஆதரவைத் திரட்டும் முயற்சிக்கும் மதுரை முன்னோடியாக இருந்திருக்கிறது. அழகர்கோயில் பகுதியில் 1990-ஐ ஒட்டித் தொடங்கி, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் துணையோடு வளர்ந்த களஞ்சியம் பெண்கள் சேமிப்புக் குழுக்கள், கந்துவட்டியிலிருந்து விடுபட வழி தேடியவை. அக்குழுக்களின் தலைவியரில் ஒருவரான புல்லுசேரி சின்னப்பிள்ளை 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குடும்பங்களின் கடனுக்கு மருத்துவச் செலவு பெருங்காரணமாக இருப்பதைக் கண்ட இவ்வியக்கத்தில், தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பகுதிப் பெண்கள் 2000-இல் தமக்குள்ளேயே பரஸ்பர மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கினர். சொந்தபந்தம் என்ற எல்லையைக் கடந்து, வாரக்கூட்டத்தில் அருகில் அமர்ந்திருக்கும் பெண்ணின் நோய்க்கும் பொறுப்பேற்பது இதன் அடிப்படை. 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் அதன் இடத்தைப் பெற்ற முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அறுவை, கதிர்வீச்சு, கீமோ ஆகியவற்றின் செலவைப் பெருமளவு ஏற்றுக்கொண்டபின், நகையை அடகு வைத்துச் சிகிச்சை பெறும் நிலை குறைந்தது. வழிச்செலவும் இழந்த கூலியும் மட்டும் இன்னும் குடும்பத்தின் தலையிலேயே நிற்கின்றன. 2013-இல் மதுரை மாநகராட்சியிலும் திறக்கப்பட்ட அம்மா உணவகங்கள், ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தந்து, கூட இருப்பவரின் செலவைத் தாமறியாமலே பகிர்ந்துகொண்டன.

குணப்படுத்த இயலாத கட்டத்தில் வலியைத் தணித்து ஆதரவு தரும் வலி நிவாரண, நோய் ஆதரவுச் சிகிச்சைக்கு அண்டை மாநிலம் வழிகாட்டியது. கோழிக்கோட்டில் 1993-இல் எம்.ஆர். இராசகோபாலும் உடன் பணியாற்றியோரும் தொடங்கிய அமைப்பிலிருந்து, அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் முறை கேரளம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இச்சிகிச்சையையும் வீடு தேடிச் செல்லும் சேவைகளில் சேர்த்துக்கொண்டது. கடும் வலிக்கு உரிய மருந்தாகிய மார்ஃபின், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகளிலேயே அரிதாகி, 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே பெறுவதற்கு ஓரளவு எளிதாயிற்று. இரவு முழுவதும் வலியில் துடிப்பவரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அவருக்கு முதலில் வேண்டியது வலி மருந்து.

இந்த வரலாறு ஒரு முடிவையே சுட்டுகிறது. மண் உருவாரம் நேர்ந்துகொண்ட தாயிலிருந்து களஞ்சியத்துப் பெண்கள் வரை, மதுரைச் சமவெளியில் நோயாளியின் நம்பிக்கையை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் பிறரே. எனவே நோயாளியிடம் தைரியமாக இருக்கும்படி சொல்வதோடு சுற்றத்தாரின் கடமை முடிந்துவிடாது. நோயின் பெயரை மறைக்காமல் பேசுவதும், கூட இருப்பவருக்கு வாரத்தில் ஒரு நாளேனும் மாற்றாள் அனுப்புவதும் அவர்கள் செய்யக்கூடியவை. வழிச்செலவும், இழந்த கூலிக்கு ஈடும், ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையம் வழியாகவும் வலி மருந்தும் அரசு செய்ய வேண்டியவை. இவ்வளவும் நடந்தபின் நோயாளியின் மனத்திடத்தைப் பற்றிப் பேசலாம்.